ஐந்து மணிக்குள் ஒரு கப்பல்

விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் கப்பல் பேச்சுதான். பத்து நாளாகவே அப்படித்தான் என்றாலும் இன்று கெடு. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வெள்ளைக் கப்பலா, நீலக் கப்பலா என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டிலும் பிடித்து வைத்திருக்கும் அறைகள் வேறு யாருக்கோ போய்விடும்.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் காலை வைக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று ரிஜிஸ்டரில் எழுதுவது வேலை. டெப்போவில் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. ரிட்டயர் ஆன பிறகு மரியாதை கூடி மணிக்கூண்டார் ஆகிவிட்டார். வீட்டம்மா யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் துணி வெட்டியவர். கட்டிங்கம்மா என்றால்தான் அங்கே தெரியும். நின்று நின்றே இடது முழங்கால் போய்விட்டது.

"நாப்பது வருஷமா ரெண்டு பேரும் எங்கயாவது போயிருக்கீங்களா? கடலையாவது பாருங்க" என்று சொல்லி இரண்டு கப்பல் கம்பெனிப் புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டவள் மகள். டிராவல் ஆபீஸில் வேலை. பாவம், அவள் நல்ல எண்ணத்தில்தான் போட்டாள்.

வெள்ளைக் கப்பலுக்குப் பதினாறு மாடி, மூவாயிரம் பேர், எட்டு சாப்பாட்டுக் கூடம், சினிமா கொட்டகை, நாலு நீச்சல் குளம். நீலக் கப்பலுக்கு ஐந்து மாடி, முந்நூறு பேர், ஒரே ஒரு சாப்பாட்டுக் கூடம்.

மணிக்கூண்டார் சும்மா இருப்பாரா? சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஒரு தாளை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இருபத்திரண்டு வரி எழுதிவிட்டார். ஒவ்வொரு வரிக்கும் பத்து மார்க். பத்து நாளாக அந்த வீட்டில் யாரும் மேஜையில் சாப்பிடவில்லை. தட்டு மடியில்தான்.

"குளியலறையில கைப்பிடி. வெள்ளையில ஒண்ணு, நீலத்துல மூணு" என்றார் இன்று காலையிலும்.

"வழுக்கி விழுறதுக்கா கப்பல்ல போறோம்?" என்றாள் கட்டிங்கம்மா.

"விழாம இருக்கத்தான் கைப்பிடி. அடுத்தது, ரூம்லேருந்து சாப்பாட்டு இடம். வெள்ளையில எரநூத்தி நாப்பது அடி. உன் காலுக்கு ஆறு நிமிஷம். நீலத்துல ரெண்டு."

"நடந்தா நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டர்? போன மாசம் படியேறாதன்னு சொன்னாரே, அவரா?"

கட்டிங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "முந்நூறு பேர் போற கப்பல் ஒரு கப்பலா? ஒருத்தர் தும்மினா மொத்த கப்பலும் திரும்பிப் பாக்கும்."

"மூவாயிரம் பேர்ல நீ தொலைஞ்சு போனா யார் தேடறது?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள்தான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். ஏனென்றால் அவளுடைய திட்டமே அதுதான். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஊரில், மூவாயிரம் பேருக்கு நடுவே இவர் கண்ணில் படாமல் தொலைந்து போக வேண்டும்.

அந்த ஊர் இரண்டு கப்பலின் வழியிலும் இருந்தது. அங்கேதான் அவர்கள் மூத்த மகன் இருக்கிறான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெரியவனும் அதே டெப்போவில் டிரைவர். ஒரு காலை அவன் ஓட்டிய பஸ் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஐந்து நாற்பதுக்கே வண்டியை எடுத்தேன், நிதானமாகத்தான் வந்தேன் என்றான் அவன். ரிஜிஸ்டரில் அப்பா கையெழுத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு என்று இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக எடுத்து, அதை ஈடுகட்ட விரட்டிக்கொண்டு வந்திருக்கிறான். விசாரணைக்கு முதல் நாள் அவன் அப்பாவின் காலையே பிடித்தான். "ஒரே ஒரு வரிப்பா. மாத்தி எழுதிடுங்க." மணிக்கூண்டார் மாற்றவில்லை. வேலை போயிற்று. மூன்றாம் மாதம் அவன் கடல் தாண்டிப் போய்விட்டான். இப்போது ஒரு துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். தங்கையோடு மட்டும் எப்போதாவது ஒரு பேச்சு.

அப்பாவும் அவன் பெயரைச் சொல்வதில்லை. வாய்க்குப் பூட்டுப் போட்டது போல ஒன்பது வருஷம்.

புத்தகங்களைப் போட்ட அன்றைக்கு ராத்திரியே மகள்தான் ஃபோனில் குசுகுசுவென்று சொன்னாள். "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்மா. கப்பல் வர்ற அன்னிக்கு வெளிய வந்து நிக்கறேங்குது. ஆனா..."

"ஆனா என்ன?"

"அம்மா மட்டும் வரட்டும். அவரையும் கூட்டிட்டு வந்தா நான் அப்படியே திரும்பிப் போயிடுவேன். அப்படிங்குது."

அன்றிலிருந்து கட்டிங்கம்மா வெள்ளைக் கப்பலுக்கு ஒற்றைக்காலில் நிற்கிறாள். அங்கே இவரை ஒரு விளையாட்டில் உட்கார்த்தி வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று நழுவலாம். நீலக் கப்பலில் எங்கே நழுவுவது? அதுவும் போக, அந்த ஊரில் வெள்ளைக் கப்பல் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நிற்கிறது. முழுசாக ஒன்பது மணி நேரம். நீலம் மத்தியானம் ஒன்றிலிருந்து ஆறு வரைதான். பெற்ற பிள்ளையை ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்க ஐந்து மணி நேரம் போதுமா, நீங்களே சொல்லுங்கள்.

"கடைசி வரி என்ன?" என்று தாளை எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டாவது வரியில் 'இதர' என்று இருந்தது. வெள்ளைக்கு இரண்டு மார்க். நீலத்துக்குப் பத்து.

"இதுல என்ன கணக்கு?"

"இதரன்னா இதரதான்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். "முடி வெட்டிட்டு வந்துடறேன்."

அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு அவள் மகளுக்கு ஃபோன் போட்டாள்.

"வெள்ளையைப் போட்டுடு. அவர் சம்மதிச்சுட்டாரு."

"அப்பாவா? விளையாடாதம்மா. ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். நாலு மணிக்கு நானே ஃபாரத்தோட வர்றேன். நீ பேசாம அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடேன்."

"சொன்னா? உங்க பையன் உங்க மூஞ்சில முழிக்க மாட்டானாம், அதனால நான் மட்டும் போறேன்னா? உனக்கு வாய் வருமாடி?"



ஃபோனை வைத்துவிட்டு, ஆத்திரத்தில் அந்தத் தாளைச் சுருட்டப் போனாள். அடியில் இரண்டு கப்பல் புத்தகங்களும் இருந்தன. இரண்டிலும் ஒரே பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. பிரித்தாள்.

அந்த ஊரின் பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். ஓரத்தில் எட்டு, ஐந்து, ஒன்று, ஆறு என்று அவருடைய குண்டு குண்டு எழுத்தில் நேரங்கள். வெள்ளைக் கப்பல் புத்தகத்தில் அந்த ஒன்பது மணி நேரத்தை அடித்துவிட்டிருந்தார்.

அப்படியென்றால் தெரிந்திருக்கிறது! தெரிந்துதான் பத்து நாளாகக் கைப்பிடி, கட்டில் உயரம், உப்பில்லாத சாப்பாடு என்று சப்பைக்கட்டு கட்டியிருக்கிறார். மகன் இருக்கும் ஊரில் நிற்கிற நேரத்தைக் குறைக்கத்தான் இவ்வளவு பெரிய தாளா? இதுதான் இதரவா? ஒரு வரியில் அவன் பிழைப்பைக் கெடுத்தது போதாதென்று இன்னொரு வரியா? கல்நெஞ்சக்காரர் என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஒரு நிமிஷம் தப்பாத மனுஷனைக் காணோம். மூன்றே முக்காலுக்குத்தான் வந்தார். தலையில் முடி அப்படியே இருந்தது.

"கடை மூடியிருந்துதா?" என்றாள். குரலே சரியில்லை.

"கடைக்கே போகல. பின் தெரு குக்கைப் பாக்கப் போனேன்." கப்பலில் இருபது வருஷம் சமையல் பார்த்துவிட்டு வந்தவர் அவர். "மனுஷன் வீட்டுல இல்ல. வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தேன்."

அதற்குள் மகள் வந்துவிட்டாள். தோளில் பை, கையில் ஃபாரம், முகத்தில் வேர்வை. "ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதைப் போடட்டும்?"

"நீலம்" என்றார் அவர்.

"வெள்ளை" என்றாள் அவள்.

"அம்மா, அப்பா, ப்ளீஸ்..."

கட்டிங்கம்மா புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னால் போட்டாள். "இது என்னங்க? எதுக்கு இந்த வட்டம்?"

மணிக்கூண்டார் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எதுக்கு நீலம் நீலம்னு நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். அங்க ஒம்பது மணி நேரம் நின்னா நான் எம்புள்ளையைத் தேடிப் போயிடுவேன். அதானே? அஞ்சு மணி நேரமா வெட்டிட்டா போக மாட்டேன்னு நெனைச்சீங்க. துணி வெட்டறவ நானு. எங்க வெட்டறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

மகள் சுவரோடு சுவராக நின்றாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்தக் கூடத்தில் 'எம்புள்ள' என்ற சொல் விழுந்தது இன்றுதான்.

"உக்காரு" என்றார் அவர்.

"உக்கார மாட்டேன்."

"கால் வலிக்கும். உக்காந்துட்டுத் திட்டு."

அவள் உட்காரவில்லை. அவர் பென்சிலை எடுத்தார்.

"ஒம்பது மணி நேரம்னு புத்தகத்துல போட்டிருக்கான். அது கப்பல் நிக்கற நேரம். நீ கரையில நிக்கற நேரம் இல்ல. அவ்வளவு பெரிய கப்பல் அந்தத் துறைமுகத்துக்குள்ள நுழையாது. கடல்லயே நங்கூரம் போட்டுடுவான். சின்னப் படகுல எறக்கித்தான் கரைக்குக் கூட்டிட்டுப் போவான். மொதல் படகெல்லாம் ஊர் சுத்திப் பாக்கக் கட்டினவங்களுக்கு. நம்ம முறை வர பத்தரை. கரையில கால் வைக்க பதினொண்ணு. திரும்பி வர மூணு மணிக்கு வரிசையில நிக்கணும். மிஞ்சறது நாலு மணி நேரம்."

மகள் மெல்ல நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பின்னால் போட்டாள்.

"நீலம் சின்னது. நேரா கரையோட ஒட்டி நிப்பான். ஒண்ணே காலுக்கு எறங்கிடலாம். அஞ்சரைக்கு ஏறினா போதும். நாலே கால் மணி நேரம். கால் மணி ஜாஸ்தி. ஆனா அது இல்ல விஷயம்." அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "கொஞ்சம் காத்தடிச்சு அலை தூக்கினா வெள்ளைக் கப்பல்காரன் படகே விட மாட்டான். ஊரைத் தூரத்துலேருந்து காட்டிட்டுப் போயிடுவான். படகு விட்டாலும், ஆடற ஏணியில எறங்கணும். ஒன் முழங்காலுக்கு விடுவாங்களான்னு கேக்கத்தான் குக்கைப் பாக்கப் போனேன். விட மாட்டாங்களாம். கரைக்கு எதுக்க வந்துட்டு நீ எறங்க முடியாம நின்னா... அதை என்னால பாக்க முடியாது. அதான் நீலம்."

அவள் எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பத்து நாள்! இவள் ஒரு கப்பலைச் சொன்னதும் அவர் ஒரு கப்பலைச் சொன்னதும் ஒரே பிள்ளைக்காக. ஒருத்தரிடம் ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். இரண்டு பேருமே கல்லுளிமங்கர்கள், வேறென்ன சொல்ல?

"மொதல் நாளே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?" என்றாள்.

"அவன் பேச்சை எடுத்தா நீ அழுவ. ஒன்ன அழ வைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

நாலு நாற்பது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலக் கப்பலின் ஃபாரத்தை எழுதத் தொடங்கினாள். பெயர், வயது, மருந்து மாத்திரை. அவள் பேனா ஓர் இடத்தில் நின்றது. "அவசரம்னா கூப்பிட ஒரு நம்பர் வேணும். என்னோடதையே போட்டுடறேன்."

"இன்னொரு எடம் காலியா இருக்கே?" என்றார் மணிக்கூண்டார். பிறகு ஒவ்வோர் எண்ணாக, எங்கும் பார்க்காமல், பதினோரு எண்களைச் சொன்னார்.

மகள் எழுதவில்லை. "அப்பா... இது அண்ணன் நம்பர்."

"ஆமா."

"உங்களுக்கு யார் குடுத்தா?"

"அவன் கூட ஓட்டினவன் ஒருத்தன்கிட்ட ஊரையும் நம்பரையும் வாங்கினேன். அஞ்சு வருஷமாச்சு." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலையில நடக்கப் போறேன் இல்ல, அப்ப அடிப்பேன். முழுசா அடிச்சு ஓயும். எடுக்க மாட்டான். எடுக்கலன்னாலும் நம்பரை மாத்தாம வெச்சிருக்கான். அது போதும்னு வந்துடுவேன்."

கட்டிங்கம்மா அவரையே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துவிட்டு வந்து இவர் ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள், அஞ்சு வருஷமாக!

"நாம வர்றது அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்றில்லாமல் இரண்டு பேரையும் பார்த்தார். "என்ன சொன்னான்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு.

"வரச் சொன்னான்" என்றாள் கட்டிங்கம்மா.

"ஒன்னையா?"

"ரெண்டு பேரையும்தாங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்கன்னான்."

மணிக்கூண்டார் தலையை ஆட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு ஃபாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே அவளும் போட்டாள்.

நாலு ஐம்பத்தேழுக்கு மகள் அந்த நம்பரையும் எழுதி, ஃபோனில் ஃபாரத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, "முடிஞ்சுது" என்றாள்.

"எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தர்றியா?" என்றார் அவர் திடீரென்று. "இதெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. ரொம்ப எளைச்சுட்டேன். அவனுக்கு அடையாளம் தெரியணும் இல்ல?"

அளவு நாடாவை எடுக்கிறவள் போல அவள் எழுந்து உள்ளே போனாள். மகள் பின்னாலேயே வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ண? அண்ணன் திரும்பிப் போயிடும்மா. அப்பா கண் முன்னாடியே திரும்பிப் போயிடும்."

"கப்பல் கெளம்ப எத்தனை நாள் இருக்கு?"

"நாப்பத்தொரு நாள்."

"அதுக்குள்ள நான் சொன்னது பொய் இல்லன்னு ஆக்கணும். நீ கெளம்பு. போறப்ப அப்பாவைக் கூட்டிட்டுப் போ."

கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம், மகளை பஸ் ஏற்றிவிட அவரே செருப்பை மாட்டிக்கொண்டார். ஐந்தேகால் வண்டி சரியாக வருகிறதா என்று பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அவருடைய ஃபோன் சார்ஜரில் கிடந்தது. கட்டிங்கம்மா அதை எடுத்தாள். மகனிடம் ஒரு வார்த்தை பேசி ஒன்பது வருஷம். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திட்டலாமா, கெஞ்சலாமா, அப்பா இளைத்துவிட்டார் என்று ஆரம்பிக்கலாமா? எப்படியும் எடுக்க மாட்டான். எடுக்கும் வரை அடிப்பது என்று முடிவு செய்து, மகள் மேஜையில் விட்டுப்போன ஃபாரத்தைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள்.

ஒரு மணி அடித்தது. முழுசாக இரண்டாவது மணிகூட அடிக்கவில்லை. எடுத்துவிட்டான்.

"அப்பா?"

பின்னால் லாரி எஞ்சின் சத்தம். அவனுக்கு மூச்சு இரைத்தது.

"அப்பா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே? என்னப்பா ஆச்சு? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? பேசுங்கப்பா..."